சேற்றுக்கு நடுவே ஏழு மணல் வரிகள்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எங்கள் சந்தைக்கு மீன் திருகோணமலை வீதியால் லொறியில் வருகிறது. கடல் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்க்கக் கிடைப்பது. ஆனாலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் எங்கள் மலைகளும் அசைந்தன. அயல் மாவட்டமான கண்டியின் பல்லேகலையில், உலக நிலநடுக்க வலையமைப்பைச் சேர்ந்த பதிவு நிலையம் ஒன்று இருக்கிறது. சுமாத்திராவுக்கு மேற்கே, 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால் கடற்தரை கிழிந்தபோது எழுந்த அதிர்வு இலங்கையைக் கடந்து போகையில், நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. நீண்டு, மெதுவாக வந்த அசைவு ஆகையால் பெரும்பாலானோர் அதை உணரவே இல்லை. கருவி உணர்ந்தது.

அவ்வளவு பெரிய அழிவு, தூரத்தில் எவ்வளவு மெல்லிய தடமாகி விடுகிறது! காலத்திலும் அப்படித்தான். ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கரையையே வாரிக்கொண்டு போன அலை, இன்று சேற்றுக்குள் ஒரு மெல்லிய மணல் வரியாக மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த வரியைக் கண்டு, அது எப்படி வந்தது, எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று சொல்கிற கண் மனிதருக்கு வாய்த்திருக்கிறது. அந்தக் கண்ணின் நுட்பத்தையும், அது வாசிக்கும் மண்ணின் நேர்த்தியையும் நிதானமாக இருந்து பாராட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பாராட்டுவதற்கு உகந்த இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. தென்கிழக்கே, அம்பாந்தோட்டை நகரை ஒட்டிக் கிடக்கும் கரகன் களப்பு. கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிய நிலப்பட்டை. 2004இல் அலை வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. சனங்கள் வாராந்தச் சந்தைக்குக் கூடியிருந்தார்கள். அந்த நிலப்பட்டையில் நின்றவர்களுக்கு முன்னால் கடல், பின்னால் களப்பு. அங்கே போன உயிர்களை நினைக்காமல் அந்தச் சேற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுத முடியாது. அவர்கள் போன பிறகே அந்தச் சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உலகம் தேடத் தொடங்கியது.

தேடியவர்களில் மயாமிப் பல்கலைக்கழகத்தின் கெலி ஜாக்சனும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஜயசேனவும், அவர்களோடு சேர்ந்த மற்ற ஆய்வாளர்களும் முக்கியமானவர்கள். களப்பில் 22 இடங்களில் நீண்ட குழாயை இறக்கி, உள்ளே இருந்த மண்ணை அடுக்குக் குலையாமல் அப்படியே எடுத்தார்கள். குழாயை நெடுக்காகப் பிளந்து பார்த்தபோது, மேலே 2004ஆம் ஆண்டின் மணல் கிடந்தது. அதற்குக் கீழே, களப்புச் சேற்றுக்கு நடுவே நடுவே, அதே சாயலில் இன்னும் ஏழு வரிகள். எல்லாவற்றிலும் இளையதற்கு ஏறத்தாழ 2,400 வயது. மூத்ததற்கு ஏறத்தாழ 6,700. ஆய்வு 2014இல் ஜியாலஜி என்ற ஆய்விதழில் வெளிவந்தது.

ஏழு வரி என்று எண்ணிச் சொல்வது சுலபம். ஒரு வரியை எப்படி இனங்காண்கிறார்கள் என்பதில்தான் சுவை இருக்கிறது. கீழிருந்து மேலாக, அங்குலம் அங்குலமாகப் போவோம்.

முதலில் சேறு. களப்புக்குள் நீர் நிதானமாக நிற்கும். நிற்கிற நீரில் மெத்தென்ற களிமண் துகள்களே படியும். செடி அழுகல் கலந்து, நிறம் கறுத்த சாம்பல். வெட்டிய உடனே கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். காற்றுப் புகாத இடம் என்பதற்கு அந்த நாற்றமே சாட்சி. காற்றுப் புகாத இடத்தில் நண்டும் புழுவும் அதிகம் துளைக்காது. துளைக்காத இடத்தில்தான் அடுக்கு கலையாமல் நிற்கும். 2004இல் அலை கொண்டுவந்து போட்ட மணல் திறந்த வெளிகளில் சில ஆண்டுகளிலேயே காற்றாலும் மழையாலும் வேர்களாலும் கலைந்து போனது. கரையெங்கும் எழுதப்பட்ட சேதி, இப்படிப்பட்ட நாறும் சேற்றில் மாத்திரம் நிலைத்தது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகும் இடமே நாட்டின் மிகப் பழைய பதிவறை.

அந்தச் சேறு ஓர் இடத்தில் சட்டென்று முடிகிறது. அதற்கு மேல் மணல். இரண்டும் சந்திக்கும் அந்தக் கோடுதான் எல்லாவற்றிலும் அழகு. மெல்ல மெல்லக் கடல் உள்ளே வந்திருந்தால் சேறும் மணலும் விரலளவு தூரத்துக்காவது ஒன்றோடொன்று கலந்து, சேறு குறைந்து மணல் கூடி வந்திருக்கும். இங்கே கலப்பே கிடையாது. கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெளிர் மணல். உற்றுப் பார்த்தால் கோடு நேராகவும் இருக்காது. சேற்றின் முதுகு ஆங்காங்கே சுரண்டப்பட்டுக் குழிந்திருக்கும். வந்த நீர் முதலில் எடுத்திருக்கிறது, பிறகுதான் போட்டிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அமைதியாகப் படிந்த ஒன்று சில நிமிடங்களில் அறுபட்டுப் போனதை அந்த மயிரிழைக் கோடு சொல்கிறது. இத்தனை சுருக்கமாக இத்தனை பெரிய சேதியைச் சொல்லும் வேறொன்றை நான் அறியேன்.

கோட்டுக்குச் சற்று மேலே, மணலுக்குள் சில கறுப்புத் துண்டுகள் சிக்கியிருக்கும். அவை அடியில் இருந்து பிய்த்து எடுக்கப்பட்ட சேற்றுக் கட்டிகள். ஓரங்கள் இன்னும் கூராக இருக்கும். இந்தக் கூர்மையைக் கவனிக்க வேண்டும். ஈரக் களிமண் கட்டி நீரில் நெடுநேரம் உருண்டால் முதலில் மழுங்கும், பிறகு கரைந்தே போகும். கூர் மாறாமல் இருப்பதென்றால் பிய்க்கப்பட்ட இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் தூரம் குறைவு, நேரமும் குறைவு. நகத்தளவு சேற்றுத் துண்டின் ஓரத்தைப் பார்த்தே அலையின் அவசரத்தை அளந்து விடுகிறார்கள்.

இனி மணல். அது ஒரே சீரான மணல் அல்ல. அடியில் பருமணி, உடைந்த சிப்பி, சங்குத் துண்டு. மேலே போகப் போக மணி சிறுக்கிறது. உச்சியில் மாவு போன்ற நுண்மணல், அதற்கும் மேலே மெல்லிய சேற்றுப் போர்வை. ஒரு போத்தலில் கால்வாசி மண்ணைப் போட்டு, நீர் நிரப்பி, குலுக்கி வைத்துப் பாருங்கள். பெரியது முதலில் இறங்கும், சிறியது பிறகு, கலங்கல் கடைசியில். அலை வந்து, வேகம் தளர்ந்து, நின்று, திரும்பிய வரலாறு அந்த வரிசையில் அப்படியே இருக்கிறது.

சில வரிகளில் இந்த வரிசை ஒரு தரம் முடிந்ததும் மறுபடி பருமணலில் தொடங்கும். முடிந்து, இன்னொரு தரமும் தொடங்கும். ஒரே வரிக்குள் இரண்டு, மூன்று அலைகள்! சுனாமியில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பத்து நிமிடம் முதல் அரை மணி, சில வேளை அதற்கும் மேல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் கலங்கல் சற்றுத் தெளிந்து, மெல்லிய சேற்றுப் படலம் விழும். அடுத்த அலை அதன் மேல் மணலைக் கொட்டும். தலைமயிர்ப் பருமன் உள்ள அந்தப் படலத்தில், முதல் அலை போய்விட்டது என்று கரைக்கு இறங்கிய மனிதரின் அரை மணி நேரம் அடங்கியிருக்கிறது. 2004இல் முதல் அலைக்குத் தப்பி இரண்டாவதில் போனவர்கள் எத்தனை பேர்! பெரலியவில் ரயிலைக் கவிழ்த்ததும் முதல் அலை அல்ல, அதன்பின் வந்த பேரலை.

மணலுக்குள் கறுப்பு நூல் இழுத்தது போன்ற கோடுகளும் உண்டு. கிட்டப் பார்த்தால் இல்மனைட், கார்னெட் போன்ற கனத்த தாதுக்களின் மணிகள். இதை விளங்கிக்கொள்ள எங்கள் மாவட்டத்துக்காரருக்குப் பாடம் தேவையில்லை. கிழக்கெல்லையில் லக்கல, எலஹரைப் பக்கம் மாணிக்கக் குழிகளில் வேலை செய்பவர் சரளையைக் கூடையில் அள்ளி, நீரில் வைத்துச் சுழற்றுவார். இலேசான மணல் விளிம்பால் வழிந்து போகும். கனத்த கல் நடுவில் தங்கும். அலையும் கரையில் செய்வது அந்த வேலையைத்தான். ஓடுகிற நீர் இலேசான வெண்மணலைக் கொண்டு போக, கனத்த கறுப்பு மணிகள் பின்தங்கிக் கோடாகின்றன. நீர் எந்தப் பக்கம் ஓடியது, எங்கே வேகம் மாறியது என்பதை அந்தக் கோடுகளைக் கொண்டு ஊகிக்கலாம்.

இது வரை பார்த்தவை வெறுங்கண்ணுக்கும் கைவில்லைக்கும் தெரிபவை. நுண்ணோக்கிக்கு அடியில் இன்னோர் உலகம் இருக்கிறது. போராமினிபெரா என்ற ஒற்றைக்கல உயிரிகள் கடலில் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. கடுகிலும் சிறியவை. ஆனால் அவற்றில் பல சுண்ணாம்பால் தமக்கென வீடு கட்டிக்கொள்கின்றன. சில சுருள் சங்கு வடிவம், சில கொத்துத் திராட்சை வடிவம், சில தட்டையான நாணய வடிவம். எந்த இனம் எந்த ஆழத்தில் வாழும் என்பது தெரிந்த விடயம். உவர்ப்புக் குறைந்த களப்பில் வாழ்பவை வேறு, கரையோர ஆழமில்லாத நீரில் வாழ்பவை வேறு, தொலைக் கடலின் அடித்தரையில் வாழ்பவை வேறு. களப்புச் சேற்றுக்கு நடுவே கிடக்கும் மணலில் ஆழ்கடல் பக்கத்து ஓடு ஒன்று அகப்பட்டால், அதைத் தூக்கி வந்த நீர் கடலின் அடிவரை தொட்டிருக்க வேண்டும். காற்றால் எழும் அலை கடலின் மேற்பரப்பைத்தான் கலக்கும். சுனாமியோ மேலிருந்து அடிவரை முழுக் கடலையும் நகர்த்தும். அந்த வித்தியாசத்துக்குச் சாட்சி, ஊசி முனையில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு சுண்ணாம்பு ஓடு.

இந்த வாசிப்பைக் கற்றுத் தந்ததில் எங்கள் மலைநாட்டுக்கும் பங்கு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியலாளர் தஹநாயக்கவும் குலசேனவும் 2004 அலை விட்டுப்போன மண்ணை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார்கள். இன்று வந்த அலையின் மண்ணுக்கு என்னென்ன அடையாளங்கள் என்று தெளிவாகக் குறித்துக்கொண்டால், அதே அடையாளங்களைக் கொண்டு பழைய அலையின் மண்ணையும் இனங்காணலாம் என்பது அவர்கள் வழி. 2008இல் அதை எழுதி வெளியிட்டார்கள். கடலே தெரியாத மகாவலிக் கரையில் இருந்து கடலின் கையெழுத்தைப் படிக்கப் பழகினார்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

சூறாவளியும் மணலைக் கொண்டுவந்து போடுமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆய்வாளர்களே தங்களிடம் ஓயாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதுதான். சூறாவளி அலைகள் சில நொடிகளுக்கு ஒன்றாக, மணிக்கணக்கில், நூற்றுக்கணக்கில் அடிக்கும். அதனால் அது போடும் மணலில் மெல்லிய அடுக்குகள் பல இருக்கும். கரையை ஒட்டித் தடித்துக் குவிந்து, உள்ளே போகச் சட்டென்று நின்றுவிடும். சுனாமி மணல் அடுக்குகள் குறைந்து, நெடுந்தூரம் உள்ளே விரிப்புப் போலப் பரவி, மெல்ல மெல்ல மெலிந்து முடியும். அதனால்தான் ஓரிடத்தில் குழாய் இறக்கியதோடு நிற்காமல் 22 இடங்களில் இறக்கினார்கள். ஒரே வரி பல குழாய்களில், கடலில் இருந்து தள்ளத் தள்ள மெலிந்து தெரிந்தால் சந்தேகம் குறையும். இடமும் யோசித்துத் தேர்ந்தது. நம் நாட்டைக் கடுமையாகத் தாக்கிய 1964, 1978 சூறாவளிகள் வடக்கையும் கிழக்கையுமே சின்னாபின்னமாக்கின. பூமத்திய ரேகைக்குக் கிட்டிய தென்கரையில் அப்படிப்பட்ட சூறாவளி அரிது. சந்தேகத்துக்கு இடம் குறைவான களத்தைத் தேடிப் போனதும் ஒரு நயம்தான்.

இனி வயது. மணலுக்கு மேலும் கீழும் உள்ள சேற்றில் இலைத்துண்டு, விதை, வேர், சிப்பி அகப்படும். உயிர் பிரிந்த நாளில் இருந்து அவற்றில் உள்ள காபன்-14 குறைந்துகொண்டே போகும். 5,730 ஆண்டில் பாதி. மிச்சத்தை அளந்தால் வயது வரும். கீழ்ச் சேறு எப்போது, மேற்சேறு எப்போது என்று தெரிந்தால் நடுவே உள்ள அலை இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். இதிலும் ஒரு நெளிவு சுழிவு. கடற்சிப்பி பழைய கடல்நீரின் காபனையும் சேர்த்தே ஓடு கட்டுகிறது. அதனால் தன் உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும். அதைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

மணலின் வயதை மணலிடமே கேட்கும் வழியும் ஒன்று உண்டு. குவார்ட்ஸ் மணி மண்ணுக்குள் புதைந்த நாள் முதல், சுற்றியுள்ள பாறைகளின் மெல்லிய கதிர்வீச்சைத் தனக்குள் சேமித்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் சேமிப்பு முழுவதும் போய்விடும். ஆகவே இருட்டில் குழாயைத் திறந்து, செவ்வொளி மட்டும் எரியும் அறையில் மணியைப் பிரித்து, அதன் மேல் குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சினால், சேமித்ததை அது மினுக்கமாகத் திருப்பித் தரும். எவ்வளவு மினுங்குகிறதோ அவ்வளவு காலம் அது வெயில் காணவில்லை. ஒரு மணல்மணி கடைசியாகச் சூரியனைக் கண்டது எப்போது என்று அதனிடமே கேட்டு அறிய முடிகிறது என்பதை முதலில் வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

கரகன் களப்பின் இளைய வரிக்கு ஆய்வாளர் கொடுத்த வயது 2417. பக்கத்திலேயே, கூட்டல் கழித்தல் 152 என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிறு குறியை நான் மிகவும் மதிக்கிறேன். இன்ன ஆண்டு, இன்ன மாதம் என்று அடித்துச் சொல்லும் ஆசையை அடக்கி, தங்கள் அறிவின் எல்லையையும் எண்ணாகவே எழுதி வைக்கும் ஒழுக்கம் அது. இந்தக் கணக்கில் இன்று என்பது 1950. எண்ணிப் பார்த்தால், கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இடையே எப்போதோ அந்த அலை வந்திருக்கிறது.

அந்த நூற்றாண்டுகளில் எங்கள் மாவட்டத்தில் யார் இருந்தார்கள் என்பதற்கும் மண்ணே சாட்சி வைத்திருக்கிறது. தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவ என்ற இடத்தில், கற்பலகைகளைப் பெட்டியாக நிறுத்திக் கட்டிய பழைய கல்லறைகள் உள்ளன. கி.மு. 700க்கும் 400க்கும் இடைப்பட்டவை என்று கணித்திருக்கிறார்கள். உள்ளே மட்பாண்டங்களோடு சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் இந்த நாட்டுக் கல் அல்ல. கடல் தாண்டி வந்து, கரையில் இறங்கி, காடு கடந்து தம்புள்ளைக்கு ஏறிய மணிகள் அவை. அம்பாந்தோட்டைக் களப்பில் மணல் வரி விழுந்த அதே நூற்றாண்டுகளில், மாத்தளை நாட்டு மனிதர் கடல் வழியாக வந்த மணியைக் கழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த அலையில் எந்தத் துறை அழிந்தது, எந்த ஓடம் போனது என்று நமக்குத் தெரியாது. கடலும் மலைநாடும் அன்றைக்கே ஒன்றுக்கொன்று அயல் என்பது மட்டும் உறுதி. இன்னும் முந்திய வரிகளின் காலத்துக்குப் போனால், அம்பாந்தோட்டைப் பக்கம் மினிஅத்திலியவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் சிப்பி தின்று குவித்த ஓட்டு மேடு இருக்கிறது. களப்போரத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். அலை வந்த நாட்களில் அந்தக் கரை வெறுங்கரை அல்ல.

வரிகளை ரசித்தவர் வரிகளுக்கு இடையே உள்ள சேற்றையும் ரசிக்க வேண்டும். ஏழு அலைகளும் மணிக்கூட்டு முள் போல ஒழுங்காக வரவில்லை. ஓரிரு நூறு ஆண்டில் அடுத்தது வந்ததும் உண்டு, ஆயிரம் ஆண்டு சேறு மட்டுமே படிந்ததும் உண்டு. சுமாத்திரா, அந்தமான் ஓரமாக இந்து சமுத்திரத்தின் தரைத்தட்டு ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் அடுத்த தட்டின் கீழே நுழைந்து கொண்டிருக்கிறது. நுழையும்போது சிக்கிக்கொள்ளும். சிக்கல் சேரச் சேர விசை சேரும். ஒரு நாள் அறுபடும். 2004இல் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு அறுபட்டது. ஆயிரம் ஆண்டு மௌனம் என்பது ஆயிரம் ஆண்டுச் சேமிப்பாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர் அஞ்சுவது இதனால்தான்.

சுமாத்திராவின் அச்சே கரையில் ஒரு குகையும் இதையே சொல்கிறது. கடலோரத்தில் வாசல் உயர்ந்திருப்பதால், பேரலைகள் மட்டுமே உள்ளே ஏறி மணலைப் போட முடியும். அலையில்லாத காலங்களில் மேலே தொங்கும் வௌவால்களின் எச்சம் தரையை மூடும். மணல், எச்சம், மணல், எச்சம் என்று வெள்ளையும் கறுப்புமாக அடுக்கு. சிங்கப்பூரில் இருந்து சென்ற சார்ள்ஸ் ரூபின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முன்வரை 11 சுனாமிகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஒன்றுமே வராத காலமும் அதில் இருக்கிறது, ஒரே நூற்றாண்டுக்குள் பல வந்த காலமும் இருக்கிறது. வௌவால் எச்சத்தில் கடலின் காலக்கணக்கைத் தேடிப் பார்த்தவரின் மதிநுட்பத்தை என்ன சொல்லிப் பாராட்டுவது!

கரகன் களப்பில் 2,400 ஆண்டுகளுக்கு முந்திய வரிக்கும் 2004க்கும் இடையே மணல் வரி தெரியவில்லை. அதனால் அந்த நீண்ட காலத்தில் அலையே வரவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. தாய்லாந்துக் கரையிலும் அச்சேயிலும் ஏறத்தாழ 600, 700 ஆண்டுகளுக்கு முந்திய சுனாமி மணல் கிடைத்திருக்கிறது. 2008இல் நேச்சர் இதழில் அவை பற்றிய இரண்டு ஆய்வுகளும் வெளிவந்தன. ஒரு களப்பு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிப் பதிவு செய்யாது. கடல்மட்டம் மாறும், மணல் திட்டு உயரும், வாய் அடைபடும். ஓரிடத்தின் மௌனத்தை இன்னோரிடத்தின் சாட்சியோடு வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

நமக்குக் கடல்கோள் கதைகளும் இருக்கின்றன. களனி மன்னன் குற்றமற்ற தேரரைக் கொன்றதால் கடல் பொங்கியது என்றும், மகள் விகாரமகாதேவி படகில் விடப்பட்டாள் என்றும் மகாவம்சம் சொல்கிறது. அவள் கரைசேர்ந்த இடம் கிரிந்தை என்பது மக்கள் வழக்கு. கரகன் களப்பில் இருந்து அது தொலைவும் இல்லை. தமிழில், குமரிமலை கடலுக்குப் போனதைச் சிலப்பதிகாரமும், காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலையும் பேசுகின்றன. இந்த மணல் வரிதான் அந்தக் கதை என்று இழுத்து முடிச்சுப் போட எனக்கு மனமில்லை. கதைக்கு ஒரு மதிப்பு, மணலுக்கு ஒரு மதிப்பு. கதை, வந்த அலைக்கு யாருடைய பாவம் காரணம் என்று தேடுகிறது. மணல் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எந்தத் திசையில் இருந்து, எவ்வளவு தூரம், எத்தனை தரம் என்று மட்டும் சொல்கிறது. பாவம் செய்யாத பிள்ளைகளை இழந்து நின்ற தாய்மாருக்கு 2004க்குப் பிறகு அந்தப் பதில் எவ்வளவு ஆறுதலோ, அவ்வளவு அவசியமும்கூட.

2004க்கு முன் நம்மில் பெரும்பாலானோர் சுனாமி என்ற சொல்லையே கேட்டதில்லை. இலங்கையில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பல்லேகலைக் கருவி அதிர்வைப் பதிந்தது, ஆனால் அதைக் கேட்டு எச்சரிக்க அன்று ஓர் அமைப்பும் இல்லை. அலை கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. கரகன் சேற்றில் இது நடக்கும் என்பதற்கான சாட்சி ஏழு தரம் எழுதப்பட்டுக் கிடந்தது. வாசிக்க ஆளில்லை. இன்று 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்படி இடர் முகாமைத்துவ நிலையம் இருக்கிறது, கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் நிற்கின்றன. கோபுரம் துருப்பிடிக்கும், தலைமுறை மறக்கும். அடுத்த அலை நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு வரலாம், நாளைக்கும் வரலாம். அத்தனை காலத்துக்கும் நினைவு வைத்திருக்கக் கூடியது சேறு ஒன்றுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. களப்புகள் வெறும் சதுப்பும் உப்புநிலமும் அல்ல, நாட்டின் ஆவணங்கள். ஒரு களப்பை நிரப்பி வீதியோ கட்டடமோ போடுவதற்கு முன், அதன் அடிமண்ணைக் குழாயில் எடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ ருகுணைப் பல்கலைக்கழகத்திலோ பத்திரப்படுத்த வேண்டும் என்பது சட்டமாக வேண்டும். ஒரு தரம் தோண்டிக் கலைத்த அடுக்கை எந்த அரசாங்கமும் திரும்பக் கட்ட முடியாது.

எங்கள் மாவட்டத்து ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு போத்தல் நீரும் ஒரு பிடி மண்ணும் வைத்துக் குலுக்கிக் காட்டுங்கள். ஏழு வரிகளின் கதையைச் சொல்லுங்கள். அம்பாந்தோட்டைக்கோ நிலாவெளிக்கோ சுற்றுலா பஸ் ஏறுமுன், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்றும், முதல் அலை போன பிறகு கரைக்கு இறங்கக்கூடாது என்றும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி அனுப்புங்கள்.